ஜெர்மன் உயர்நிலைப் பள்ளிகளில் பரிமாற்ற மாணவராகப் படிப்பது: பள்ளி வகை, வகுப்பு, முன்னேற்பாடு

ஜெர்மனிக்குப் பரிமாற்ற மாணவராகச் செல்லவிருக்கும் பிள்ளையின் பெற்றோர், நம் சிங்கப்பூர் வழக்கப்படி, முதலில் ‘அங்கே நல்ல பள்ளி எது’ என்றுதான் விசாரிப்பார்கள். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் புள்ளிகளை வைத்துப் பள்ளிகளை எடைபோட்டுப் பழகிவிட்ட நமக்கு அது இயல்பான கேள்வி. ஆனால் சில வாரங்களோ ஓராண்டோ விருந்தினராகப் படித்துவிட்டுத் திரும்பப்போகிற, அந்நாட்டின் பள்ளியிறுதித் தேர்வை எழுதப்போவதே இல்லாத ஒரு மாணவருக்கு, பள்ளியின் பெயரைவிட அவர் எந்த மாநிலத்தில், எந்த வகைப் பள்ளியில், எந்த வகுப்பில், ஆண்டின் எந்தப் பகுதியில் உட்காரப்போகிறார் என்பதே முக்கியம். விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன்பே இந்த நான்கையும் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

முதலில் மாநிலம்

ஜெர்மனியில் பள்ளிக்கல்வி மத்திய அரசின் பொறுப்பில் இல்லை. 16 மாநிலங்களும் தத்தமக்கென்று பள்ளிச் சட்டம் வைத்திருக்கின்றன. பாடத்திட்டம், விடுமுறை, பள்ளி வகைகளின் பெயர், மேல்நிலைக் கல்வி எத்தனை ஆண்டு என்பது வரை அனைத்தும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். மாநிலக் கல்வி அமைச்சர்களின் நிலையான மாநாடு ஒன்று 1948 முதல் இயங்கி, ஒரு மாநிலம் தரும் சான்றிதழை மற்றவை ஏற்பது போன்றவற்றை ஒழுங்குபடுத்துகிறதே தவிர, நம் கல்வி அமைச்சைப் போல நாடு முழுவதையும் ஒரே சுற்றறிக்கையில் மாற்றும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஆகவே யாராவது ‘ஜெர்மன் பள்ளியில் இப்படித்தான்’ என்று சொன்னால், அவர் எந்த மாநிலத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் குருண்ட்ஷூலே எனப்படும் தொடக்கப்பள்ளியில் 4 ஆண்டுகள் படிக்கிறார்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் மட்டும் 6 ஆண்டுகள். அதன் பிறகு, பெரும்பாலான மாநிலங்களில் ஏறத்தாழப் பத்து வயதிலேயே, பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். பழைய ஏற்பாட்டில் மூன்று கிளைகள் இருந்தன: ஒன்பது அல்லது பத்தாம் வகுப்போடு முடிந்து தொழிற்பயிற்சிக்கு அனுப்பும் ஹௌப்ட்ஷூலே, பத்தாம் வகுப்பு இறுதியில் இடைநிலைச் சான்றிதழ் தரும் ரெயால்ஷூலே, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் அபிட்டூர் தேர்வு வரை நடத்தும் கிம்னாசியம். பவேரியாவில் இந்த மூன்று கிளை அமைப்பு இன்றும் இருக்கிறது. அங்கே ஹௌப்ட்ஷூலேயின் இடத்தில் மிட்டெல்ஷூலே என்ற பள்ளி இயங்குகிறது. ஹாம்பர்க்கோ 2010ஆம் ஆண்டில் கிம்னாசியம், ஷ்டாட்டைல்ஷூலே என்று இரண்டே வகைகளாகச் சுருக்கிக்கொண்டது. பெர்லினிலும் அதே காலத்தில், கிம்னாசியத்துக்கு இணையாக ஒருங்கிணைந்த இடைநிலைப் பள்ளி என்ற ஒரே வகை வந்துவிட்டது. வடரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் பழைய வகைகளும் புதிய வகைகளும் ஒரே நகரத்தில் அருகருகே இயங்குகின்றன.

பெயரை மட்டும் நம்பினால் ஏமாற்றம் நேரலாம். சாக்சனியில் ஓபர்ஷூலே என்றால் பத்தாம் வகுப்போடு முடியும் பள்ளி. பிரேமனில் அதே பெயருள்ள பள்ளி அபிட்டூர் வரைக்கும் வழிவிடும். கையில் வரும் கடிதத்தில் பள்ளியின் வகை எழுதியிருந்தால், அது எந்த வகுப்பு வரை நடத்துகிறது, மேல்நிலை வகுப்புகள் அதே வளாகத்தில் உள்ளனவா என்ற இரண்டையும் ஏற்பாட்டாளரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்.

கிம்னாசியம்: எளிதாகக் கிடைக்கும் இடம், எளிதல்லாத வகுப்பு

பரிமாற்ற மாணவர்களில் பெரும்பகுதியினர் கிம்னாசியத்தில்தான் சேர்க்கப்படுகிறார்கள். அங்கே படிக்கும் ஜெர்மன் பிள்ளைகளே பத்தாம் அல்லது பதினோராம் வகுப்பில் ஒரு பருவமோ ஓராண்டோ வெளிநாடு செல்வது வழக்கமாகிவிட்டதால், வருகிறவரை என்ன செய்வது என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு அயல்மொழிகள் கட்டாயம். ஆங்கிலத்தோடு பிரெஞ்சோ லத்தீனோ ஸ்பானிஷோ ஓடிக்கொண்டிருக்கும். ஐந்தாண்டு லத்தீன் படித்த பிள்ளைகளுக்கிடையே முதல் நாளே உட்கார்வதில் பொருளில்லை. அந்தப் பாட நேரத்தில் கீழ் வகுப்பு ஒன்றின் ஜெர்மன் பாடத்திலோ, புதிதாகக் குடியேறிய பிள்ளைகளுக்கு நடத்தப்படும் ஜெர்மன் மொழி வகுப்பிலோ அமர அனுமதி கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கேட்காமல் யாரும் தானாக ஏற்பாடு செய்து தரமாட்டார்கள்.

கிம்னாசியத்தில் மேல்நிலை என்பது ஓர் அறிமுக ஆண்டும், அதைத் தொடரும் இரண்டு தகுதி ஆண்டுகளும் கொண்டது. மொத்தம் 12 ஆண்டுப் பள்ளிப்படிப்பு உள்ள மாநிலங்களில் பத்தாம் வகுப்பும், 13 ஆண்டுப் படிப்பில் பதினோராம் வகுப்பும் அறிமுக ஆண்டாகும். சாக்சனியும் தூரிங்கியாவும் 12 ஆண்டிலேயே நிற்கின்றன. பவேரியா, வடரைன்-வெஸ்ட்ஃபாலியா உள்ளிட்ட பல மேற்கு மாநிலங்கள் 12க்குப் போய்விட்டு மீண்டும் 13க்குத் திரும்பியிருக்கின்றன. பாடன்-வூர்ட்டம்பெர்க் 2025ஆம் கல்வியாண்டிலிருந்து கீழ் வகுப்புகளில் அந்த மாற்றத்தைத் தொடங்கியது. இந்த விவரம் எதற்கு என்றால், விருந்தினர் அமரவேண்டிய இடம் அந்த அறிமுக ஆண்டுதான். அடுத்த இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண்கள் அபிட்டூர் மொத்தத்தில் சேர்வதால், அங்கே வகுப்பின் கவனம் முழுவதும் தேர்வின் மீதே இருக்கும். வகுப்பறை கலைந்து ஒவ்வொருவரும் தாம் தேர்ந்த சிறப்புப் பாடக் குழுவுக்குப் போய்விடுவார்கள். புதியவர் ஒருவர் ஒட்டிக்கொள்ள நிலையான வகுப்பே இருக்காது.

கெசாம்ட்ஷூலேயும் அதன் உறவுகளும்: நமக்குப் பழகிய ஏற்பாடு

நம் பெற்றோர் ‘இரண்டாம் தரம்’ என்று நினைத்து ஒதுக்கிவிடும் கெசாம்ட்ஷூலேயை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூன்று கிளைகளாகப் பிரிந்து போயிருக்கக்கூடிய பிள்ளைகள் இங்கே ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். கணிதம், ஆங்கிலம், ஜெர்மன் போன்ற சில பாடங்களில் மட்டும் அடிப்படைக் குழு, விரிவுக் குழு என்று இரண்டு நிலைகளில் பிரிந்து, மற்றப் பாடங்களுக்கு மீண்டும் ஒன்றுசேர்வார்கள். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களிலிருந்து விரைவு, வழக்கநிலைப் பிரிவுகளைக் கைவிட்டு, பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று நிலை மாற்றிப் படிக்க வைக்கும் சிங்கப்பூரின் பிள்ளைக்கு இந்தக் கால அட்டவணையை விளக்கவே வேண்டியதில்லை. ஜெர்மன் மொழி இன்னும் தடுமாறுகிற மாணவர், ஜெர்மன் பாடத்தில் அடிப்படைக் குழுவிலும் கணிதத்தில் விரிவுக் குழுவிலும் அமர்வதை இந்தப் பள்ளி இயல்பாக எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு வசதியும் உண்டு. கெசாம்ட்ஷூலேகள் பெரும்பாலும் பிற்பகல் வரை நடக்கும் முழுநாள் பள்ளிகள்; மதிய உணவுக்கூடமும் பிற்பகல் குழு நடவடிக்கைகளும் இருக்கும். பாரம்பரியமான அரைநாள் பள்ளியில் பகல் ஒரு மணிக்கு மணி அடித்ததும் எல்லாரும் மிதிவண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். வகுப்புத் தோழரோடு பேசுவதற்கு இருபது நிமிட இடைவேளை மட்டுமே மிஞ்சும். நண்பர்களைத் தேடிக்கொள்ள வேண்டிய நிலையிலுள்ள விருந்தினருக்கு மூன்றரை மணி வரை நீளும் நாள் நல்லதே. ஹாம்பர்கின் ஷ்டாட்டைல்ஷூலே, ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைனின் கெமைன்ஷாஃப்ட்ஸ்ஷூலே, பெர்லினின் ஒருங்கிணைந்த இடைநிலைப் பள்ளி ஆகியவை, விவரங்களில் வேறுபட்டாலும், இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ரெயால்ஷூலேயும் மற்றவையும்

ரெயால்ஷூலேயில் வகுப்பின் நடை சற்றே நிதானமானது. விருப்பப் பாடமாகத் தொழில்நுட்பமோ சமூகவியலோ பிரெஞ்சோ எடுப்பார்கள். மரப்பலகையை அளந்து அறுத்து ஒரு பெட்டி செய்யும் பாடத்தில், பக்கத்தில் நிற்பவரிடம் ‘ரம்பத்தைக் கொடு’, ‘இங்கே பிடித்துக்கொள்’ என்று கேட்டுக் கேட்டே மொழி நாக்கில் ஏறிவிடும். வரலாற்று வகுப்பில் ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தாலும் அது நடக்காது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பத்தாம் வகுப்பின் வசந்த காலம் இடைநிலைச் சான்றிதழுக்கான தேர்வுக் காலம். ஆகவே ஒன்பதாம் வகுப்பைக் கேளுங்கள். பல மாநிலங்களில் ஒன்பதாம் வகுப்பில்தான் மாணவர்கள் இரண்டு, மூன்று வாரம் ஏதேனும் ஒரு கடை, பட்டறை, அலுவலகம் என்று வேலை அனுபவத்துக்குப் போவார்கள். விருந்தினரும் போகலாமா என்பது விசாவின் நிபந்தனையையும் காப்புறுதியையும் பொறுத்தது என்பதால், பள்ளித் தலைமையிடம் முன்கூட்டியே பேசவேண்டும்.

ஹௌப்ட்ஷூலேயில் பரிமாற்ற மாணவர்கள் அரிது. பல மாநிலங்களில் அந்த வகையே மற்றவற்றோடு இணைக்கப்பட்டுவிட்டது. தொழிற்பயிற்சியோடு இணைந்த பெரூஃப்ஸ்ஷூலே நம் தொழில்நுட்பக் கல்விக் கழகம் போன்றது என்று நினைத்து விண்ணப்பிக்க வேண்டாம். நிறுவனம் ஒன்றுடன் பயிற்சி ஒப்பந்தம் செய்தவர்கள் வாரத்தில் ஓரிரு நாள் வந்து படிக்கும் இடம் அது. ஆனால் தொழில்சார் கிம்னாசியம் என்று ஒன்று இருக்கிறது: பொருளியல், தொழில்நுட்பம், உணவியல் போன்ற ஒரு துறையை முதன்மையாக வைத்துப் பதினோராம் வகுப்பில் தொடங்கி மூன்றாண்டில் அபிட்டூருக்குக் கொண்டுசெல்லும் பள்ளி. வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் பதினோராம் வகுப்பின் முதல் நாளில் ஒருவரையொருவர் அறியாமல் அமர்வதால், அங்கே புதியவர் என்று தனியாக ஒருவரும் இல்லை. பதினாறு, பதினேழு வயதில் செல்லும் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது கடினம். இருந்தும் இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

வால்டோர்ஃப் பள்ளிகளின் முதலாவது, ஷ்டுட்கார்ட்டில் 1919ஆம் ஆண்டு ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. காலையின் முதல் இரண்டு மணி நேரம் போல, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரே பாடத்தை எடுத்துக்கொண்டு ஆழமாக நடத்துவார்கள். மாணவர்களே எழுதி வரையும் குறிப்பேடு பாடநூலின் இடத்தைப் பிடிக்கும். ஓவியமும் கைவேலையும் நாடகமும் பிடித்த பிள்ளைக்குப் பொருந்தும். திரும்பி வந்ததும் உயர்நிலை இறுதித் தேர்வுக்கு வேதியியல் படிக்கவேண்டிய பிள்ளைக்கு, அந்த வேதியியல் அவர் தங்கும் மாதங்களில் வராமலே போகலாம் என்பதையும் யோசியுங்கள். இவை தனியார் பள்ளிகள். பெற்றோர் பங்களிப்பு கேட்பார்கள். அரசுப் பள்ளிகளிலோ கல்விக் கட்டணம் இல்லை.

தங்கிப்படிக்கும் தனியார் பள்ளிகள் வேறு உலகம். போடன் ஏரிக்கு அருகிலுள்ள சாலெம் பள்ளி 1920இல் கல்வியாளர் குர்ட் ஹான் முதலியோரால் தொடங்கப்பட்டது. அதே குர்ட் ஹான் பின்னர் பிரிட்டனில் 1941இல் உருவாவதற்குக் காரணமாயிருந்த அவுட்வர்ட் பவுண்ட் என்ற வெளிப்புறச் சாகசப் பயிற்சி இயக்கத்தின் கிளையில்தான், நம் பிள்ளைகள் புலாவ் உபினில் கயிற்றில் தொங்கிவிட்டு வருகிறார்கள். கட்டணம் மிக அதிகம். பலநாட்டு மாணவர்களிடையே ஆங்கிலமும் தாராளமாகப் புழங்கும். ஜெர்மன் மொழிக்காகப் போகிறவருக்கு விருந்தோம்பும் குடும்பத்தின் சமையலறையே மேல் என்பது என் கருத்து.

எப்போது போவது

ஜெர்மனியில் கல்வியாண்டு ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்கி அடுத்த கோடையில் முடிகிறது. நம்முடையது ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. இந்தப் பொருத்தமின்மையே குறுகிய பரிமாற்றத்துக்கு வசதியாகவும் அமைகிறது. நம் ஆண்டிறுதி விடுமுறை தொடங்கும் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பு வரை அங்கே பாடங்கள் முழு வேகத்தில் நடக்கும். தேர்வுகள் நெருங்கியிருக்கும், யாரும் விடுமுறை மனநிலையில் இருக்கமாட்டார்கள். உண்மையான பள்ளி நாள்களைப் பார்க்க விரும்பினால் இதுவே சிறந்த காலம். இருட்டில் எழுந்து இருட்டிலேயே எட்டு மணிக்கு முன்பு பள்ளிக்குப் போகவேண்டியிருக்கும் என்பதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

ஜூன் விடுமுறையில் போகிறவர்கள் மாநிலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். கோடை விடுமுறை ஆறு வாரம்தான் என்றாலும், நெடுஞ்சாலைகள் நிரம்பி வழியாமல் இருக்க மாநிலங்கள் அதை வெவ்வேறு தேதிகளில் தொடங்குகின்றன. பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்கிலும் பள்ளி ஜூலை இறுதி வரை நடந்தாலும், ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே திருநாளையொட்டி இரண்டு வாரம் மூடியிருக்கும். அது பெரும்பாலும் நம் ஜூன் விடுமுறையின் முற்பகுதியைத் தின்றுவிடும். விடுமுறை சீக்கிரம் தொடங்கும் மாநிலங்களிலோ, மதிப்பெண்களை முடிவுசெய்யும் ஆசிரியர் கூட்டம் முடிந்துவிட்டதால், ஜூன் கடைசி வாரங்கள் சுற்றுலா, செயல்திட்ட வாரம், விளையாட்டு விழா என்றே கழியும். பழகுவதற்கு அது நல்ல காலம், படிப்பதற்கு அல்ல.

ஓராண்டு அல்லது அரையாண்டு போவதென்றால், உயர்நிலை நான்கில் பொதுத் தேர்வு இல்லாத ஒருங்கிணைந்த பாடத்திட்ட மாணவர்களுக்கு வழி சற்று அகலம். மற்றவர்கள் தேர்வை முடித்துவிட்டு, தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ சேரும் தேதியைக் கணக்கிட்டுப் போகவேண்டும்.

இங்கே முடிக்க வேண்டிய காரியங்கள்

மொழியிலிருந்து தொடங்குங்கள். கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் மூன்றாம் மொழியாக ஜெர்மன் படிக்கும் மாணவர்களுக்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கும். மற்றவர்கள் சிங்கப்பூர் கோத்தே நிலையத்தில் பயிலலாம், ஐரோப்பிய மொழித்திறன் அளவையின் முதலிரு நிலைகளான ஏ1, ஏ2க்கு இளையர்களுக்கான தேர்வுகளும் உண்டு. ஏ2 இருந்தால் இடைவேளையில் சமாளிக்கலாம். பாடத்தைப் பின்தொடர அதற்கு அடுத்த நிலையான பி1 வேண்டும். உரையாடலை மட்டும் பயிற்சி செய்யாமல், ஜெர்மன் பிள்ளைகளின் ஏழாம் எட்டாம் வகுப்பு உயிரியல், புவியியல் நூல்களைப் புரட்டிப் பாருங்கள். அந்தச் சொற்கள்தான் கரும்பலகையில் வரும்.

உங்கள் பள்ளி முதல்வரிடம் விடுப்பு அனுமதி கேட்கும்போது, திரும்பியதும் எந்த வகுப்பில் அமர்வது, இடத்தை வைத்திருக்க எவ்வளவு கட்டணம் தொடரும், தாய்மொழிப் பாடத்தை எப்படி ஈடுகட்டுவது என்ற மூன்றையும் எழுத்து மூலம் பெறுங்கள். தமிழைப் பொறுத்தவரை, ஜெர்மனியின் பல நகரங்களில், குறிப்பாக வடரைன்-வெஸ்ட்ஃபாலியாவில், ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வார இறுதித் தமிழ் வகுப்புகளை நடத்துகின்றன. அந்த மாநிலத்தின் ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த்திருவிழா ஐரோப்பாவெங்கிலுமிருந்து ஆட்களை இழுக்கிறது. ஒவ்வொரு வார இறுதியும் அங்கேயே கழிந்தால் ஜெர்மன் மொழி வளராது. மாதமொரு முறை என்றால் தமிழும் துருப்பிடிக்காது.

மகன்கள் உள்ள வீடுகள் மறக்கக்கூடாத ஒன்று: தேசிய சேவைக்கு உட்பட்ட 13 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண் பிள்ளைகள், குடிமக்களானாலும் நிரந்தரவாசிகளானாலும், மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வெளிச்செல்லும் அனுமதி பெறவேண்டும். வயதையும் காலத்தையும் பொறுத்துப் பிணைத்தொகையும் கேட்கப்படலாம்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் 180 நாள் காலத்தில் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். அதற்கு மேல் என்றால் புறப்படும் முன்பே ஜெர்மன் தூதரகத்தில் தேசிய விசா பெறவேண்டும். ஜப்பானியரும் ஆஸ்திரேலியரும் போய் இறங்கிய பிறகு வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதைப் பார்த்து நமக்கும் அப்படியே என்று எண்ணிவிடாதீர்கள். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே வேலை அனுமதியிலோ நிரந்தரவாசத்திலோ வாழும் இந்தியக் குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டு வாரப் பரிமாற்றத்துக்கும் ஷெங்கன் விசா எனப்படும் ஐரோப்பியக் குறுகியகால விசா தேவை. நண்பர்கள் கூட்டமாகப் போகும்போது இது கடைசி நேரத்தில் தெரியவந்து பயணம் நின்றுபோவதுண்டு. விசாவுக்குப் பள்ளியின் சேர்க்கைக் கடிதம், விருந்தோம்பும் குடும்பத்தின் உறுதி, பெற்றோர் இருவரின் ஒப்புதல், மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். மற்றவர்களின் பொருளுக்கு நேரும் சேதத்தை ஈடுகட்டும் பொறுப்புக் காப்புறுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் குடும்பங்கள் அதைப் பெரிதாக மதிக்கும்.

2020 மார்ச் மாதத்திலிருந்து ஜெர்மன் பள்ளிகளில் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று கட்டாயம். நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே போட்டுக்கொண்டிருப்பார்கள். அரசின் உடல்நல இணையத்தளமான ஹெல்த்ஹப்பில் உள்ள பதிவை அச்சிட்டு, இரண்டு தவணையும் தெரிகிறதா என்று பார்த்து எடுத்துச் செல்லுங்கள். நீண்ட காலம் தங்குகிறவர் வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவுசெய்து, பிறகு வெளிநாட்டினர் அலுவலகத்தில் வசிப்பிட அனுமதி பெறவேண்டும்.

வகுப்புக்குள்

சீருடை இல்லை; காலைக் கொடியேற்றமும் இல்லை. 45 நிமிடப் பாடங்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்து வரும். ஆசிரியர் வராவிட்டால் பாடம் ரத்தாகும். மாற்றுப் பட்டியலைத் தினமும் காலையில் கைப்பேசியில் பார்ப்பது எல்லாருக்கும் பழக்கம். ஆசிரியரைக் குடும்பப் பெயரோடு ஹெர் (திரு), ஃபிரௌ (திருமதி) என்று அழைத்து மரியாதைப் பன்மையில் பேசவேண்டும். வீட்டில் பெரியவர்களிடம் ‘நீங்கள்’ என்று பேசும் பிள்ளைக்கு இதில் சிரமமில்லை. சமய பாடத்துக்குப் பதிலாக அறநெறிப் பாடமோ நடைமுறைத் தத்துவமோ எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். உடல்நலமில்லாமல் வராவிட்டால், முதல் பாடம் தொடங்குவதற்குள் பள்ளி அலுவலகத்துக்குத் தகவல் போகவேண்டும். பிறகு எழுத்து மூலம் காரணம் தரவேண்டும். இணைப்பாட நடவடிக்கை நம் அளவுக்குப் பள்ளியில் இல்லாததால், காற்பந்தோ கைப்பந்தோ ஊர் விளையாட்டு மன்றத்தில்தான். முதல் மாதத்திலேயே சேர்ந்துவிடுவது நல்லது.

நம் பிள்ளைகளைத் திணறவைப்பது கணிதமோ அறிவியலோ அல்ல, வாய்திறந்து பேசவேண்டிய கட்டாயம்தான். மதிப்பெண்ணில் வகுப்புப் பங்கேற்புக்குப் பெரும் பங்குண்டு. வடரைன்-வெஸ்ட்ஃபாலியாவின் மேல்நிலையில் எழுத்துத் தேர்வுக்கும் அதற்கும் சம மதிப்பு. துணைப்பாட வகுப்பில் ஆயிரம் கணக்குப் போட்டு வந்தாலும், கையைத் தூக்காதவர் அமைதியாகச் சரிவார்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. வரலாற்று வகுப்பில் ஆசிரியர் ஒரு பழைய கேலிச்சித்திரத்தைத் திரையில் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகள் எப்போதும் ஒரே ஒழுங்கில் வரும்: முதலில் இருப்பதை விவரி, பிறகு அதன் பின்னணியை விளக்கு, கடைசியில் மதிப்பிட்டுச் சொல். மூன்றாவது கேள்வியில்தான் வகுப்பின் கெட்டிக்காரர்கள் மோதிக்கொள்வார்கள். முதல் கேள்விக்கு எல்லாரும் சலிப்போடு மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஆள்காட்டி விரலை உயர்த்தி, ‘இடப்பக்கம் தொப்பியணிந்த ஒருவர் நிற்கிறார், கையில் வரைபடம் வைத்திருக்கிறார்’ என்று எளிய நான்கு வாக்கியம் சொல்ல ஏ2 மொழியே போதும். தவறான விகுதிக்காக யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆசிரியரின் குறிப்பேட்டில் ஒரு கூட்டல் குறி விழும். இதை ஒவ்வொரு பாடத்திலும் ஒருமுறை என்று வழக்கமாக்கிக்கொண்ட மாணவர், சில வாரங்களில் இரண்டாவது கேள்விக்கும் துணிந்துவிடுவார்.

ஆங்கில வகுப்பில் இதற்கு நேர்மாறான சிக்கல். எல்லாரும் உங்களிடம் ஆங்கிலத்தில் பேசிப் பழக விரும்புவார்கள், இடைவேளையிலும் அது தொடரும். பணிவாக, ஆனால் முதல் வாரத்திலேயே, ஜெர்மனில் பேசுமாறு கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் பழக்கத்தை மாற்றுவது கடினம்.

மதிப்பெண் 1 முதல் 6 வரை. 1 சிறந்தது, 4 தேர்ச்சியின் எல்லை. மேல்நிலையில் இது 15 முதல் 0 வரையான புள்ளிகளாக மாறும், 15தான் உச்சம். ‘மூன்று வாங்கினேன்’ என்று மகள் தொலைபேசியில் சொன்னால் பதற்றப்பட வேண்டாம். அந்நிய மொழியில் எழுதிய தேர்வுக்கு அது நல்ல மதிப்பெண்.

திரும்புவதற்கு முன்

விருந்தினருக்கு முறையான மதிப்பெண் அட்டை தருவது கட்டாயமில்லை. பல பள்ளிகள் வருகைச் சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளும். உங்கள் சிங்கப்பூர்ப் பள்ளிக்கு எது தேவை என்பதை முன்பே தெரிந்துகொண்டு, படித்த பாடங்கள், வாரப் பாட நேரம், வகுப்பு, மாதங்கள் ஆகியவை அடங்கிய கடிதத்தைக் கடைசி மாதத்தின் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள், ஏனெனில் கல்வியாண்டு இறுதியில் பள்ளி அலுவலகம் விடுமுறைக்கு மூடிவிட்டால் பிறகு பதில் வர வாரக்கணக்கில் ஆகும். கடிதத்தில் பள்ளி முத்திரையும் கையொப்பமும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் தர இயலாவிட்டால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பை இங்கே செய்துகொள்ளலாம். நூலகப் புத்தகங்களையும் இரவலாகத் தந்த பாடநூல்களையும் திருப்பிக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி, முகவரிப் பதிவு செய்திருந்தால் நகர அலுவலகத்தில் அதை நீக்கிவிட்டு விமானம் ஏறுங்கள்.